நன்கொடைக்கு 3,500 டாலர் வரம்பு, கைக்காசுக்கு வரம்பே இல்லையா?

எடிசன்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஓட்டுரிமை இன்னும் இல்லை. ஆனாலும் எங்கள் தொகுதியில் பிரதிநிதிகள் சபைக்கு நின்ற ஒரு நர்ஸுக்காக இந்த முறை பிரைமரியில் (கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) வேலை செய்தேன். நான்கு மாதம் சனி, ஞாயிறு எல்லாம் போனிலேயே போனது.

ஒவ்வொரு அழைப்பிலும் நன்கொடை பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஒருவர் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. எங்களுக்கு வந்ததோ 25, 50, மிஞ்சினால் 100. ஒரு அம்மா 10 டாலர் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் பென்ஷன் வந்ததும் மறுபடி கூப்பிடு என்றார்.

எதிரே நின்றவர் தொழிலதிபர். கடைசி மாதத்தில் ஒரே நாளில் 20 லட்சம் டாலரைச் சொந்தக் கணக்கிலிருந்து பிரசாரக் கணக்குக்கு மாற்றினார். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழு 3,500 கொடுக்கக்கூடிய 572 பேரைப் பிடித்தால்தான் அந்த ஒரு தொகைக்கு ஈடாகும். எங்கள் பட்டியலில் அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர். தோற்றுப்போனோம்.

தோற்ற வருத்தம் போய்விடும். ஒரே தேர்தலில் ஒருவருக்கு அளவும், இன்னொருவருக்கு அளவே இல்லாமலும் எப்படி ஒரு சட்டம் இருக்க முடியும் என்பதுதான் மனதை விட்டுப் போகவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவக்கீல்

தங்கச்சி, சட்டத்தை எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. 1974-ல், வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு வந்த திருத்தத்தில் எல்லாவற்றுக்கும் அளவு வைத்தார்கள். நன்கொடைக்கு ஆயிரம் டாலர். செலவுக்கும் உச்சவரம்பு. கைக்காசுக்கும் வரம்பு: அதிபர் வேட்பாளருக்கு 50,000, செனட்டுக்கு 35,000, பிரதிநிதிகள் சபைக்கு 25,000. மூன்று கால் உள்ள முக்காலி மாதிரி யோசித்துக்கொள்.

1976 ஜனவரியில் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதில் இரண்டு காலை எடுத்துவிட்டது. அடுத்தவர் கொடுக்கும் நன்கொடைக்குக் கைமாறாகச் சலுகை கேட்கப்படலாம், அது ஊழல், ஆகவே அதற்கு அளவு வைக்கலாம். செலவழிப்பது என்பது பேச்சு, பேச்சுக்கு அளவு கூடாது. சொந்தப் பணம் போடுகிறவர் தனக்குத் தானே லஞ்சம் கொடுத்துக்கொள்ள முடியாது, அதனால் அதற்கும் அளவு கூடாது. சுருக்கமாக இதுதான் தீர்ப்பு. சொந்தப் பணம் போட்டால் அடுத்தவரை நம்பியிருக்கும் நிலை குறையும், அது ஊழலுக்கு எதிரானதுதான் என்றும் சொன்னார்கள்.

நீதிபதி தர்குட் மார்ஷல் இந்த ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. நன்கொடைக்கு வரம்பு வைத்துவிட்டு கைக்காசைத் திறந்துவிட்டால், வேட்பாளரின் சொந்தச் சொத்துக்கு முன்பைவிட மதிப்பு கூடிவிடும் என்று எழுதினார். நீ போட்ட 572 பேர் கணக்கைத்தான் அவர் ஐம்பது வருடத்துக்கு முன் பார்த்திருக்கிறார்.

திறந்தவெளி

நான் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைக்காசு போட்டவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. நன்கொடை வாங்கி ஜெயித்தவரைப் பாருங்கள். பதவிக்கு வந்த பிறகும் தினமும் சில மணி நேரம் போனில் உட்கார்ந்து பணம் கேட்கிறார். யாரிடம் கேட்கிறார்? 3,500 கொடுக்கக்கூடியவர்களிடம். அது மக்களில் மிகச் சிறிய பகுதி.

எனக்குக் குறையாகத் தெரிவது நன்கொடை வரம்புதான். அதை எடுத்துவிட்டால் உங்கள் நர்ஸை நம்பும் பணக்காரர் ஒருவர் அவருக்கு 20 லட்சம் கொடுத்திருக்கலாம். யார் கொடுத்தார் என்பதை அன்றே ஊரறியச் சொல்லிவிட்டால் போதும். அந்தத் தொழிலதிபர் வரம்பில்லாமல் போடலாம், நர்ஸுக்கு மட்டும் விலங்கு என்றால், விலங்கைக் கழற்றுவதுதானே நியாயம்?

மிச்சிகன்குளிர்

எடிசன்வாசி, ஒரு ஆறுதல். கைக்காசு வேட்பாளர்கள் தோற்பதுதான் அதிகம். 2010-ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் மெக் விட்மன் 14 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணம் போட்டு ஜெர்ரி பிரவுனிடம் தோற்றார். மைக்கேல் புளூம்பெர்க் 2020 அதிபர் பிரைமரியில் ஏறக்குறைய 100 கோடி செலவழித்தார். பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாய் அன்று அவர் ஜெயித்த ஒரே இடம் அமெரிக்க சமோவா, மறுநாளே விலகினார். ராஸ் பெரோ 1992-ல் 6 கோடிக்கு மேல் போட்டு 19 சதவீத ஓட்டு வாங்கினார், ஒரு மாநிலமும் கிடைக்கவில்லை. நம் பக்கத்து ஆள் விவேக் ராமசாமி, பாலக்காட்டிலிருந்து வந்த பெற்றோரின் மகன், 2024 அதிபர் பிரைமரியில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் சொந்தப் பணத்தை இறக்கினார். ஐயோவாவில் நான்காம் இடத்தோடு முடிந்தது.

பணம் முகத்தைத் தெரியவைக்கும், அவ்வளவுதான். போன் செய்து 50 டாலர் கேட்பது வெறும் வசூல் இல்லை. கொடுத்தவர் ஓட்டும் போடுவார், பக்கத்து வீட்டிலும் சொல்லுவார். கைக்காசுக்காரரிடம் அந்தக் கூட்டம் இருக்காது.

எடிசன்வாசி

அண்ணா, நீங்கள் சொன்ன பட்டியலில் எல்லாரும் அதிபர் பதவிக்கும் பெரிய மாநில ஆளுநர் பதவிக்கும் நின்றவர்கள். அங்கே டிவியும் பத்திரிகையும் இரண்டு பக்கத்தையும் பேசும். எங்கள் பிரைமரியில் நர்ஸின் பெயரையே பாதிப்பேர் வாக்குச்சீட்டில்தான் முதல்முறை பார்த்தார்கள்.

மிச்சிகன்குளிர்

அது உண்மை. என் வாதத்துக்கு எதிரான உதாரணம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஸ்ரீ தானேதார், பெல்காமிலிருந்து வந்தவர். 2018-ல் ஆளுநர் பிரைமரியில் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் சொந்தப் பணம் போட்டு மூன்றாவதாக வந்தார். 2022-ல் டெட்ராய்ட்டை உள்ளடக்கிய காங்கிரஸ் தொகுதியில் மறுபடி கைக்காசோடு நின்றார், நிறையப் பேர் போட்டியிட்ட பிரைமரி, ஜெயித்துவிட்டார். அவர் நல்லவரா இல்லையா என்பது வேறு பேச்சு. சின்னத் தேர்தலில், ஓட்டு பல பக்கம் சிதறும்போது கைக்காசு வேலை செய்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

சிகாகோசெல்வி

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. கைக்காசுக்காரர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நிற்காமலே ஒதுங்கியவர்கள் எத்தனை பேர்? கட்சிக்காரர்கள் ஆள் தேடும்போது முதலில் கேட்பதே "உன்னால் எவ்வளவு போட முடியும்" என்பதுதான். என் தோழி ஒருத்தி உள்ளூர்ப் பதவிக்கு நிற்கக் கேட்டுப் போய், அந்த ஒரு கேள்வியோடு திரும்பி வந்தாள். இது எந்தத் தேர்தல் முடிவிலும் பதிவாகாது.

சரி, நான் எழுத வந்தது வேறு. இதற்கு ஒரு மருந்து இருந்தது. 2002-ல் செனட்டர்கள் மெக்கெய்ன், ஃபைன்கோல்ட் கொண்டுவந்த சட்டத்தில் கோடீஸ்வரர் திருத்தம் என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு முன் உங்கள் நியூஜெர்சியில்தான், எடிசன்வாசி, 2000-ல் ஜான் கோர்சைன் 6 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணம் போட்டு செனட்டர் ஆனார். அந்த அதிர்ச்சி அப்போது எல்லாருக்கும் இருந்தது. திருத்தம் என்ன சொன்னது என்றால், எதிராளி ஒரு அளவுக்கு மேல் கைக்காசு இறக்கினால் உன் நன்கொடை வரம்பு உயரும். பிரதிநிதிகள் சபைக்கு மூன்று மடங்கு, செனட்டுக்கு ஆறு மடங்கு வரை.

அது நன்றாக வேலை செய்ததை நாங்கள் இங்கே கண்ணால் பார்த்தோம். 2004 இல்லினாய் செனட் பிரைமரியில் பிளேர் ஹல் என்ற கோடீஸ்வரர் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் டாலர் இறக்கினார். அவரோடு போட்டியிட்டவர்களில் ஒருவர் மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா. ஹல் போட்ட பணத்தால் ஒபாமாவின் நன்கொடை வரம்பு 2,000-லிருந்து 12,000 ஆனது. கடைசி வாரங்களில் டிவி விளம்பரம் ஓட்டும் அளவுக்குப் பணம் சேர்ந்தது. ஹல்லின் விவாகரத்து ஆவணங்கள் வெளியே வந்ததும் அவர் சரிந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சரிந்த அந்த நேரத்தில் இன்னொருவர் கையில் விளம்பரக் காசு இருந்தது அந்தத் திருத்தத்தால்.

எடிசன்வாசி

அக்கா, அப்படியானால் எங்கள் நர்ஸுக்கு வரம்பு 10,500 ஆகியிருக்க வேண்டுமே? ஏன் ஆகவில்லை?

பழையவக்கீல்

அதையும் நீதிமன்றம் எடுத்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் மேற்கே 26-ஆம் தொகுதியில் ஜாக் டேவிஸ் என்ற தொழிலதிபர் 2004-லும் 2006-லும் கைக்காசில் நின்று தோற்றார். அவர் போட்ட வழக்கு. 2008 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு, எழுதியவர் நீதிபதி அலிட்டோ.

நான் என் பணத்தைச் செலவழித்ததற்காக என் எதிரிக்குச் சலுகை தருவது எனக்குத் தண்டனை, என் பேச்சுரிமைக்கு விலை வைப்பது. இதுதான் டேவிஸின் வாதம், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேட்பாளர்களைச் சமமாக்குவது அரசின் வேலை இல்லை என்றும் சொன்னது. அந்த வரிதான் பின்னால் பல கதவுகளை அடைத்தது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எதிர்த்து எழுதினார்: பணக்காரரின் பேச்சில் ஒரு சொல்லையும் இந்தச் சட்டம் குறைக்கவில்லை, எதிராளியின் குரலைத்தான் கூட்டுகிறது என்று. எனக்கு இன்றைக்கும் அவர் பக்கம்தான் சரி என்று படுகிறது.

2011-ல் அரிசோனா வழக்கு. அங்கே பிரசாரத்துக்கு அரசு தரும் பொதுப்பணத்தை வாங்கிய வேட்பாளருக்கு, எதிராளி செலவைக் கூட்டினால் அரசும் கூட்டித் தரும் ஏற்பாடு. அதுவும் ஐந்துக்கு நான்கில் போனது. ஆக, எதிராளியின் செலவைப் பார்த்து உனக்கு உயர்த்தித் தரும் எந்த ஏற்பாடும் இனி நிற்காது. ஆனால் டேவிஸ் தீர்ப்பிலேயே ஒன்று சொல்லியிருக்கிறார்கள். வரம்பை உயர்த்துவதென்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து உயர்த்தலாம், அதில் தடை இல்லை.

சிகாகோசெல்வி

ஐயா சொன்ன அந்த வழியில்தான் இல்லினாய் போனது. மாநிலத் தேர்தல்களில் யாராவது கைக்காசாக ஒரு லட்சம் டாலருக்கு மேல், மாநிலம் தழுவிய பதவி என்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல் போட்டால், அந்தப் போட்டியில் இருக்கும் எல்லாருக்கும் நன்கொடை வரம்பு நீங்கிவிடும். திறந்தவெளி, நீங்கள் கேட்டது இதுதானே. என்ன நடந்தது தெரியுமா? ஒரு லட்சத்துக்கு மேல் ஒரே ஒரு டாலரை சேர்த்து, 1,00,001 என்று தன் பிரசாரத்துக்குத் தானே போடுகிறார்கள். கைக்காசில் நிற்பதற்காக இல்லை. வரம்பை உடைத்து, பெரிய கைகளிடமிருந்து அளவில்லாமல் வாங்குவதற்காக. அப்புறம் 2018-ல் ஆளுநர் தேர்தல்: பிரிட்ஸ்கர் 17 கோடிக்கு மேல் சொந்தப் பணம், எதிரே ரவுனரும் கோடிக்கணக்கில். இரண்டு கோடீஸ்வரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத்தான் வந்தோம். விலங்கைக் கழற்றினால் நர்ஸுக்கு லாபம் என்கிறீர்கள். இங்கே கழற்றிப் பார்த்தாகிவிட்டது.

திறந்தவெளி

1,00,001 விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்க வேண்டியதுதான். ஆனால் வரம்பு நீங்கிய பிறகும் யார் கொடுத்தது என்பது அங்கே வெளிப்படையாக இருக்கிறதே. அது சிறிய விஷயம் இல்லை.

கோவைகணக்கர்

ஊரிலிருந்து ஒரு குறிப்பு. நம் சட்டம் தலைகீழ். இங்கே தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பு இல்லை, வேட்பாளரின் செலவுக்குத்தான் வரம்பு. மக்களவைக்குப் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். கைக்காசானாலும் அடுத்தவர் காசானாலும் அதற்குள்தான். காகிதத்தில் எடிசன்வாசி கேட்கும் சமநிலை இதுதான். ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பு இல்லை. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாவால் ரத்தானது எல்லாருக்கும் நினைவிருக்கும். முப்பது வருடமாக வேட்பாளர் கணக்குகளைப் பார்க்கிறேன். வரம்பை ஒட்டிக்கூட வராமல், பாதிக்கும் கீழே அழகாக முடியும் கணக்குகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அங்கே 20 லட்சம் போட்டவர் அதை எழுதியாவது காட்டினார்.

ஆஸ்டின்ஆடிட்டர்

"தனக்குத் தானே லஞ்சம் கொடுத்துக்கொள்ள முடியாது" என்ற வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 20 லட்சத்தை உங்கள் ஆள் கொடுத்தாரா, கடனாகப் போட்டாரா? பெரும்பாலும் கடனாகத்தான் போடுவார்கள். தன் பிரசாரக் குழுவுக்குத் தானே கடன் கொடுத்துவிட்டு, பிறகு நன்கொடை வசூலித்து அந்தக் கடனை அடைத்துக்கொள்ளலாம். வட்டியும் வாங்கலாம். கலிஃபோர்னியாவின் கிரேஸ் நப்போலிடானோ 1998-ல் தன் பிரசாரத்துக்கு 1,50,000 டாலரை 18 சதவீத வட்டிக்குக் கொடுத்தார். பல வருடம் அது அடைபடவில்லை. வட்டியாகவே இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது.

2002 சட்டம் இதற்கு ஒரு கட்டு போட்டிருந்தது. தேர்தல் முடிந்த பிறகு வரும் நன்கொடையில் வேட்பாளரின் கடனுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கள் செனட்டர் டெட் குரூஸ் 2018 தேர்தலுக்கு முந்தின நாள் 2,60,000 கடன் கொடுத்தார். 10,000 திரும்ப வரவில்லை என்று வழக்கு. 2022 மே மாதம் ஆறுக்கு மூன்று என்று அந்தக் கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள்.

இதன் பொருளை யோசியுங்கள். தேர்தல் முடிந்துவிட்டது. யார் பதவியில் உட்காரப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. அப்போது கொடுக்கும் 3,500 பிரசாரத்துக்குப் போகவில்லை, ஜெயித்தவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. தோற்றவருக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், ஜெயித்த வீட்டில்தான் மொய் விழும். நீதிபதி ககன் எதிர்த்து எழுதியதும் இதைத்தான். கைக்காசு யாருக்கும் கடன்படாத பணம் என்று திறந்தவெளி சொன்னது, அந்தப் பணம் கடனாக வந்தால் பொருந்தாது.

திறந்தவெளி

இது நல்ல புள்ளி. கைக்காசு போட்டால் நன்கொடையாகத்தான் போட வேண்டும், திரும்ப எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தால் நான் ஆதரிப்பேன். ஆனால் குரூஸ் தீர்ப்புக்குப் பிறகு அது நிற்குமா, வக்கீல் ஐயாதான் சொல்ல வேண்டும்.

பழையவக்கீல்

இன்றைய நீதிமன்றத்தில் கஷ்டம்.

குவீன்ஸ்பஸ்ஸ்டாப்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். தடுப்பது முடியாது என்றாகிவிட்டால் எதிர்ப்பக்கத்தைத் தூக்கிவிடுவதைப் பார்க்க வேண்டும். எங்கள் நியூயார்க் நகரத்தில் அதற்கு வழி இருக்கிறது. நகரவாசி கொடுக்கும் சிறு நன்கொடைக்கு நகரம் ஒன்றுக்கு எட்டு சேர்க்கிறது. மேயர் வேட்பாளருக்கு நான் 250 டாலர் கொடுத்தால் நகரம் 2,000 தருகிறது. பதிலுக்கு வேட்பாளர் செலவு வரம்பை ஒத்துக்கொள்ள வேண்டும். இது எதிராளியின் செலவைப் பார்த்து ஏறுவதில்லை, என் நன்கொடையைப் பார்த்து வருவது. அதனால் அரிசோனா தீர்ப்பு இதைத் தொடவில்லை.

புளூம்பெர்க் மூன்று முறை கைக்காசில் மேயரானது இதே நகரத்தில்தான், அதையும் மறைக்கக் கூடாது. 2009-ல் 10 கோடிக்கு மேல் போட்டு ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போது ஒன்றுக்கு எட்டு இல்லை, அது 2018 வாக்கெடுப்பில் வந்தது. 2025-ல் மேயர் வேட்பாளர் ஸோஹ்ரான் மம்தானி பிரைமரிக்கு மாதக்கணக்கில் முன்பே, மார்ச்சிலேயே வரம்பைத் தொட்டுவிட்டு, "இனி பணம் அனுப்பாதீர்கள், நேரம் கொடுங்கள்" என்று ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டார். எதிரே நின்ற முன்னாள் ஆளுநர் குவோமோவுக்காக ஒரு சூப்பர் பேக் (வேட்பாளரைச் சேராமல், அளவில்லாமல் பணம் திரட்டிச் செலவழிக்கும் வெளிக் குழு) 2 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. ஜெயித்தது மம்தானி. நான் அப்போது வாரம் மூன்று நாள் கதவு தட்டப் போனேன், கையில் துண்டறிக்கைக்குப் பஞ்சமில்லை. எடிசன்வாசி சொல்லும் அந்தக் கையறு நிலை எங்களுக்கு வரவில்லை.

டிவி விளம்பரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரைமரிக்கு முந்தைய 45 நாளும் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் வேட்பாளரிடம் நிலையங்கள் ஆகக் குறைந்த கட்டணம்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக வேட்பாளர் கையில் இருக்கும் ஒரு டாலர் வெளியார் டாலரைவிட அதிகம் வாங்கும். பொதுப்பணத்தைக் கட்சிக்கோ வெளிக் குழுவுக்கோ தராமல் வேட்பாளரிடமே தருவதில் அந்த லாபமும் இருக்கிறது. கைக்காசு இவ்வளவு பலமாக இருப்பதற்கும் அதே காரணம்தான்.

பழையவக்கீல்

குவீன்ஸ் சொன்னது சட்டப்படி சரியான பாதை. பக்லி தீர்ப்பே அனுமதித்த வழி அது. அதிபர் தேர்தலில் இன்றும் சட்டம் இருக்கிறது, பொதுப்பணம் வாங்கும் வேட்பாளர் 50,000 டாலருக்கு மேல் கைக்காசு போடக் கூடாது. வேண்டாம் என்பவருக்குக் கட்டாயம் இல்லை. தொகை காலத்துக்கேற்ப வளராததால் 2008-ல் ஒபாமா பொதுத்தேர்தலுக்கு அதை வேண்டாம் என்றார், பிறகு பெரிய வேட்பாளர் யாரும் பக்கம் வருவதில்லை. திட்டம் பட்டினி கிடந்து சுருங்கியது.

தங்கச்சி, உன் மாநிலத்திலேயே பார். நியூஜெர்சியில் ஆளுநர் தேர்தலுக்கு 1977-லிருந்து பொதுப்பணம் உண்டு, ஒன்றுக்கு இரண்டு. 2005-ல் கோர்சைன் அதை வாங்காமல் கைக்காசில் நின்று ஜெயித்தார். 2009-ல் மறுபடி கைக்காசில் நின்றபோது எதிரே கிறிஸ் கிறிஸ்டி பொதுப்பணம் வாங்கி நின்றார். கோர்சைன் கையில் பல மடங்கு பணம். ஜெயித்தது கிறிஸ்டி.

திறந்தவெளி

எனக்குப் பிடிக்காத வேட்பாளருக்கு என் வரிப்பணம் போவது எனக்கு உறுத்துகிறது. அதை மறைக்கவில்லை.

குவீன்ஸ்பஸ்ஸ்டாப்

புரிகிறது. அப்படியானால் சியாட்டில் முறையைப் பாருங்கள். 2015 வாக்கெடுப்பில் வந்தது, ஆளுக்கு 25 டாலர் மதிப்பில் நான்கு வவுச்சர் நகரமே அனுப்புகிறது. அதை யாருக்குத் தருவது என்பது உங்கள் இஷ்டம். கிரீன் கார்டுக்காரர்களும் பயன்படுத்தலாம், எடிசன்வாசி மாதிரி ஓட்டு இல்லாதவர்கள்கூட.

புதுவிசா

ஒரு சந்தேகம், எச்1பி-யில் இருக்கிறேன். கோயில் பக்கம் ஒரு வேட்பாளருக்கு நன்கொடை திரட்டினார்கள், 100 டாலர் கொடுக்கலாமா?

பழையவக்கீல்

கொடுக்காதே தம்பி. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும், நகரம், மாநிலம், காங்கிரஸ் எதற்கும், ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. உனக்காக இன்னொருவர் பெயரில் கொடுப்பதும் குற்றம். சம்பளம் வாங்காமல் கதவு தட்டலாம், போன் பண்ணலாம்.

எடிசன்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஆடிட்டர் அண்ணா கேட்டதைத் தேர்தல் ஆணையத் தளத்தில் போய்ப் பார்த்தேன். 20 லட்சமும் கடன் என்றுதான் எழுதியிருக்கிறார். நவம்பரில் அவர் ஜெயித்தால் யார் யார் அதை அடைக்கிறார்கள் என்று ஒவ்வொரு காலாண்டு அறிக்கையையும் பார்க்கப் போகிறேன், இங்கேயே எழுதுகிறேன்.

நர்ஸிடமும் நேற்று பேசினேன். எங்கள் நகராட்சித் தேர்தலுக்குச் சிறு நன்கொடைக்கு ஈடு சேர்க்கும் திட்டம் கேட்டு கவுன்சில் கூட்டத்தில் பேசலாமா என்று கேட்டேன். அவருக்கு அன்று இரவு டியூட்டி, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார். குவீன்ஸ், உங்கள் நகரத்தில் ரசீதுகளை எப்படிச் சரிபார்க்கிறார்கள், எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும்.